ஒரு பானைக் கஞ்சியும் உமேகிச்சியின் கல்யாணமும்

ஜப்பானில் எங்கள் யோஷினோ மலைப்பக்கத்தில் பொழுது விடிவதே தேநீர்க் கஞ்சியில்தான். வறுத்த தேயிலையைத் துணிப்பையில் கட்டிக் கொதிக்கும் பானையில் போட்டு, சாறு இறங்கியதும் அரிசியைக் கொட்ட வேண்டும். கிண்டக் கூடாது. கிண்டினால் பசை, சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும். இந்தக் கஞ்சி காய்ச்சுவதில் முடிதிருத்தும் உமேகிச்சியை அடிக்க ஆள் கிடையாது.

நாற்பத்தாறு வயது மனிதர். கத்தி பிடித்தால் கை நடுங்காது. ஆனால் யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. ஒருவரைப் பாதி சிரைத்த முகத்தோடு உட்கார வைத்துவிட்டு, இன்னொருவருக்கு ஏணி பிடிக்கப் போய்விடுவார். கல்யாணத்தை மட்டும் கேட்கத் தெரியாமல் இத்தனை வருடம் தள்ளிவிட்டார்.

கடைசியில் தபால் கொடுக்கும் ஷிகேயோவிடம் ஒருவழியாகக் கேட்டுவிட்டார். கணவர் இறந்து ஆறு வருடமான பெண். கறாரான பேச்சு.

"இருபது வருசம் விடியக்காலம் எந்திரிச்சு நான் கஞ்சி காய்ச்சியாச்சுங்க. இனிமே யாராச்சும் காய்ச்சிக் குடுத்தா உக்காந்து குடிக்கணும். செவ்வாக்கெழம ஏழு மணிக்கு வர்றேன். கஞ்சி புடிச்சா கல்யாணம். புடிக்கலன்னா தபால் குடுக்க மட்டுந்தான் இந்த வாசலுக்கு வருவேன்."

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே வாசம் தெருவைத் தூக்கியது. நான் டோஃபு விற்பவள். நல்ல வார்த்தை சொல்லத்தான் போனேன், சத்தியமாக.

"வாங்கக்கா! ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போங்க" என்றார் உமேகிச்சி.

வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. பானையில் கூடுதலாக ஒரு கரண்டி தேநீர் ஊற்றினால் இன்னொருவருக்கு ஆயிற்று. எனக்காகப் பானையில் ஒரு கரண்டி ஊற்றினார். கோயில் பிட்சு எட்டிப் பார்த்தார், இன்னொரு கரண்டி. மரம் வெட்டும் கன்ஸோ இரண்டு மச்சான்களோடு வந்தான், மூன்று கரண்டி. உள்ளே போவது தேநீர், வெளியே வருவது சோறு என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. நானும் இரண்டாவது கிண்ணம் நீட்டினேன்.

ஏழு மணிக்கு ஷிகேயோ வந்து பாயில் உட்கார்ந்தாள். கிண்ணத்துக்குள் பார்த்தாள்.

"ஏங்க, அரிசி எங்க?"

"அடியில கெடக்கும்... நல்லாப் பாருங்க."

கிண்ணத்தைச் சாய்த்துச் சாப்பிடும் குச்சியால் துழாவினாள். "ஒம்போது இருக்கு" என்றாள்.

கன்ஸோவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ருசியா இருக்கும் தாயி! நான் நாலு கிண்ணம் குடிச்சேன்."

உமேகிச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "வாசல்ல வந்து நின்னாங்க. எப்படிங்க போகச் சொல்றது?"

கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அந்த மனிதரின் கல்யாணத்தை நாங்கள் குடித்துத் தீர்த்திருந்தோம்.

ஷிகேயோ ஒன்பது பருக்கையையும் தேநீரோடு சேர்த்துக் குடித்து முடித்தாள். எழுந்தாள். உமேகிச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவளோ எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாருக்கும் வயிறு நெறஞ்சுதா?"

தலையாட்டினோம்.

"அப்ப எந்திரிங்க."

கோழிகளை விரட்டுவதுபோல் விரட்டினாள். ஊறுகாயை மென்றுகொண்டிருந்த பிட்சுவைக்கூட விடவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"புதுசா ஒல வைங்க. இனிமே கஞ்சிய நீங்க பாருங்க, கதவ நான் பாத்துக்கறேன்."

கன்ஸோ உடனே தட்டிப் பார்த்தான். திறக்கவில்லை.