வண்டியைப் பாரத்தோடு கொண்டு வாங்க

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்க்கிறார் அக்கா. முன்சக்கரத்தில் தாராளமாகப் போகிறது. பின்சக்கரத்தில் விரல்களோடு நின்றுவிடுகிறது. பிறகு வண்டியின் பின்புறத்தை முழங்காலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, அது ஆடி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

"இடது பக்கம் பின்னாடி என்ன வெச்சிருக்கீங்க? இறங்கி நிக்குதே."

"மருந்து ஃப்ரிட்ஜ்" என்றார் வண்டிக்காரர். அக்கா இன்னும் கதவைக்கூடத் திறக்கவில்லை.

காடு மேடு ஏறும் வண்டிகளை உயர்த்திக் கொடுக்கும் பட்டறை இது. இங்கே எல்லோருக்கும் அவர் ‘ஸ்பிரிங் அக்கா’. எந்த நாற்காலியையும் ஒருமுறை அமுக்கிப் பார்க்காமல் உட்காரமாட்டார். "அம்மா சோபா வாங்கப் போனா கடைக்காரர் ஒளிஞ்சுக்குவார்" என்கிறாள் மகள்.

வண்டிக்காரரின் மனைவி கால்நடை மருத்துவர். மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்கு இருவரும் இதில்தான் போகிறார்கள். போன மழையில், இறக்கத்தில் பின்பாகம் அமுங்கி, டீசல் டேங்க் பாறையில் இடித்து, வண்டி பள்ளத்தின் பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. இப்போது மேலே கன்றுகளுக்கு நோய். இந்த வாரமே ஏறியாக வேண்டும்.

இதற்கு முந்தைய தடவை வண்டியைக் கழுவித் துடைத்துக் காலியாகக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா ஸ்பேனரைத் தொடவில்லை. "போட்டோ எடுக்க வந்த மாதிரி இருக்கு. வேலைக்குப் போற கோலத்துல கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்று மறுபடி வந்தபோதுதான் அந்த மருந்து ஃப்ரிட்ஜ், தண்ணீர் டிரம், ஜெனரேட்டர், கூரைமேல் இரண்டு ஸ்டெப்னி. அதுவும் போதவில்லை. "நீங்க ரெண்டு பேரும் லோடுதான், ஏறி உட்காருங்க."

வண்டிக்காரர் ஆறு அங்குலம் உயர்த்தக் கேட்டார்.

"உயரம் வேணுமா, ஊர் போய்ச் சேரணுமா?"

"ரெண்டும் வேணும்க்கா."

"அப்ப ஹெலிகாப்டர் பட்டறையைப் பாருங்க தம்பி."

பட்டறையின் பின்னால் பக்கவாட்டில் சரிந்த ஒரு சிமெண்டு மேடை இருக்கிறது. வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்களை அதில் ஏற்றச் சொன்னார். வண்டி சாய்ந்தது, நின்ற பிறகும் இன்னொரு முறை அசைந்தது. "எங்க டாக்டருக்குப் பயமே கிடையாது" என்றார் கணவர். அக்காவின் பார்வை வண்டியில் இல்லை. மேல் கைப்பிடியைப் பற்றியிருந்த மருத்துவரின் விரல்கள் வெளுத்திருந்தன.

"ரெண்டு அங்குலம் போதும்" என்றார் அக்கா. "பின்னாடி கெட்டியான ஸ்பிரிங், அதுக்கேத்த ஷாக் அப்சார்பர். காலியா ஓட்டினா ஆட்டுக்குட்டியாட்டம் துள்ளும். நீங்கதான் காலியா போறதே இல்லையே. ஆனா ஸ்பிரிங் வண்டியை நிமிர்த்தும், அவ்வளவுதான். அச்சுக்குப் புது பலம் குடுக்காது. கூரையில இருக்கிற ஒரு ஸ்டெப்னி இறங்கட்டும்."

மறுநாள் வேலை முடிந்து, அதே பாரத்தோடு, கூரையில் ஒரே ஸ்டெப்னியோடு வண்டி அதே மேடையில் ஏறியது. சாய்ந்தது. ஓர் இடத்தில் வந்து அப்படியே நின்றது. சுற்றி நின்ற பட்டறைக்காரர்கள் நாங்கள் இரண்டாவது அசைவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அது வரவே இல்லை. நேற்று தள்ளாடிய அதே இரும்புதானா இது? மருத்துவரின் கை கைப்பிடியில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மடிக்கு வந்தன.

இறங்கியதும் அக்காவின் காதோரம் சொன்னார்: "இறக்கத்துல நான் கண்ணை மூடிக்குவேன்க்கா. இவருக்குத் தெரியாது."

அக்கா தலையசைத்தார். அதற்குள் கணவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "இவ்ளோ கம்பீரமா நிக்குது. அந்த ஸ்டெப்னியையும் மேல போட்டுக்கலாமேக்கா?"

அக்கா, சுவரில் சாய்ந்திருந்த ஸ்டெப்னியைத் தரையில் படுக்கப்போட்டு, கையால் ஒருமுறை அமுக்கிப் பார்த்து, அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்தார்.