கிளியம்மாளின் ஹெரால்டுக்கு எந்த ஸ்பிரிங்?

தாம்பரம் சானடோரியத்தில் மெக்கானிக் ஆசிப்பைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரை ‘வாசர் ஆசிப்’ என்றுதான் சொல்வார்கள். எந்த எஞ்சினைப் பிரித்தாலும் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாசர் என்கிற வட்டத் தகடு ஒன்றைக் கொடுத்து இறுக்கிவிடுவது அவர் வழக்கம். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் வால்வு பட்டென்று மூடும், வண்டி பறக்கும். பறக்கத்தான் செய்தன. தெருவிலிருந்த மற்ற பட்டறைகளும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன.

மேடவாக்கத்துக் கிளியம்மாளின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் பறக்கவில்லை. வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் ஷாஃப்ட், அந்த இறுக்கத்தோடு மல்லுக்கட்டி ஒரே மழைக்காலத்தில் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. அந்தக் காரைச் செய்த கம்பெனியே மூடி வெகுகாலம். வேறு கேமுக்கு எங்கே போவது?

“இவருதான் என் வண்டிய தின்னவரு” என்று கிளியம்மாள் கல்யாண வீடுகளில் ஆசிப்பை அறிமுகப்படுத்துவார். அதுவும் சிரித்துக்கொண்டே. திட்டியிருந்தால் திருப்பியாவது பேசியிருக்கலாம். அந்தச் சிரிப்பைத்தான் ஆசிப்பால் தாங்க முடியவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் தை பிறந்ததும் கிளியம்மாளே பட்டறைக்கு வந்தார். கையில், துணியில் சுற்றிய ஒரு கேம் ஷாஃப்ட். கோயமுத்தூரில் அலைந்து பிடித்தாராம். இதுவும் போனால் வண்டியைக் காயலான் கடைக்குத்தான் தள்ள வேண்டும். மாசியில் பழைய கார்களெல்லாம் ஊர்வலமாகத் தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பப் போகின்றன. அதில் ஹெரால்டைத் தானே ஓட்ட வேண்டும் என்றார்.

“மறுபடி என்கிட்டயேவா குடுக்கறீங்க, அக்கா?”

“வேற எவனா இருந்தாலும் தைரியமா செய்வான். நீதான் பயந்துகினு செய்வே.”

ஆசிப் பயந்துகொண்டுதான் செய்தார். பழைய ஸ்பிரிங்குகள் தளர்ந்து கிடந்தன. புதிதாக இரண்டு செட் வாங்கினார், ஒன்று இளசு, ஒன்று முரடு. கையால் அமுக்கிப் பார்த்தே அழுத்தத்தைச் சொல்கிறவர், இந்த முறை கையை நம்பவில்லை. மச்சான் யூனிஸின் கறிக்கடைத் தராசைத் தூக்கிவந்து டிரில் மிஷினுக்கு அடியில் வைத்தார். ஸ்பிரிங்கைத் தட்டில் நிறுத்தி, எஞ்சினுக்குள் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுக்கினால் தராசு எடையைச் சொல்லிவிடும். முரடு, கொழுத்த கிடா ஒன்றின் எடையைக் காட்டியது.

“ஞாயித்துக்கிழமை அதுவுமா தராச தூக்கினு வந்துட்டியே மச்சான்! கடையில ஒரே பேஜாரா கீது!” என்று யூனிஸ் வாசலில் நின்று கத்தினான்.

“இன்னிக்கு ஒரு நாளு பக்கத்துக் கடையில வாங்கிக்க மச்சான்.”

எடை தெரிந்தது, எதைப் போடுவது என்பதுதான் தெரியவில்லை. இளசைப் போட்டு, எஞ்சின் அலறும் வேகத்தில் வால்வு சரியாக மூடாமல் போனால் வண்டி திணறும். முரட்டைப் போட்டால் கேம் போச்சு. எதிர்ப்பட்டறை யேசுதாசன், அதே ஊர்வலத்தில் ஓட்டத் தன் பழைய ஃபியட்டுக்கு வாசர் கொடுத்து முடித்திருந்தார். “டைட்டா வுடு ஆசிப்பு, நாலு பேரு முன்னாடி மானம் போயிடும்” என்றார்.

மறுநாள் ஆசிப், கிளியம்மாளின் மாருதி வேனில் ஏறி உட்கார்ந்தார். மேடவாக்கம் ரோட்டில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே அவர் ஓட்டுவதை, வாயை மூடிக்கொண்டு காதால் கவனித்தார். கிளியம்மாளுக்கு வாய்தான் வேகம். எஞ்சின் முனகும் முன்பே அடுத்த கியர் விழுந்துவிடும். ஒரு முறைகூட அலற விடவில்லை. ஆசிப்புக்குச் சுரீரென்று உறைத்தது. இத்தனை வருஷமாக ஊரார் வண்டிக்கெல்லாம் ஆக்சிலேட்டரை மிதிக்கும் தன் காலை மனதில் வைத்தே ஸ்பிரிங் போட்டிருக்கிறார்! ஓட்டப்போவது யார் என்று ஒரு தடவை பார்த்தாரா?

இளசைப் போட்டார். வாசர் கிடையாது.

மாசி ஞாயிறன்று யேசுதாசனின் ஃபியட் சீறிக்கொண்டு முன்னால் போயிற்று. ஹெரால்டு கடைசியில் போனது. ஆசிப் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடியே மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தார். திரும்பும் வழியில், கேளம்பாக்கம் தாண்டி, ஃபியட் பானெட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றது. உள்ளே கடகடவென்ற சத்தமாம்.

கிளியம்மாள் வண்டியை நிறுத்தினார். “ஏறிக்கிறியா, யேசுதாசா?”

அவர் பானெட்டை இறக்கிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பட்டறையில் எஞ்சின் ஆறும்வரை ஒருவரும் நகரவில்லை. யூனிஸ்கூடக் கடையை விட்டுவிட்டு வந்திருந்தான். ஆசிப் மேல்மூடியைக் கழற்றி, வால்வின் இடைவெளியில் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்தார். கேம் தேய்ந்திருந்தால் தகடு லொடலொடவென்று ஆடும். ஆடவில்லை. காலையில் வைத்த அதே பிடியோடு நுழைந்தது. அடுத்த வால்விலும் அப்படியே, கடைசி வால்விலும் அப்படியே. ஆசிப்புக்குச் சந்தோஷத்தில் கூச்சல் போட வேண்டும் போலிருந்தது, போட்டும்விட்டார்.

கிளியம்மாள் தகட்டை வாங்கித் தானே ஒரு முறை நுழைத்துப் பார்த்தார். பிறகு யேசுதாசன் பக்கம் திரும்பி, ஏதோ புது ஆளைக் காட்டுவதுபோல் ஆசிப்பின் தோளில் கை வைத்தார்.

“இவரு ஆசிப்பு. என் மெக்கானிக்கு.”