கொண்டையின் சிவப்பு

டிவியில் கோழிக் கொண்டையின் நிறம் சரியாகத் தெரியவில்லை என்று அப்பா என்னை எருமப்பட்டிக்கு வரச் சொன்னார். பக்கவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடக்கிற மனிதருக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் பஸ் ஏறினேன். விழுந்த நாளிலிருந்து அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

எனக்கு வேலை சேலம் அஸ்தம்பட்டியில். ஸ்டுடியோ, பிளக்ஸ் அச்சகம், ஸ்கேன் சென்டர் என்று போய், அங்கிருக்கும் எல்சிடி திரைகளின் நிறத்தைச் சரிசெய்து கொடுப்பேன். திரை காட்டும் சிவப்பு உண்மையில் எவ்வளவு சிவப்பு என்று அளக்க ஒரு கருவி இருக்கிறது. மவுஸ் அளவுதான். திரைமேல் தொங்கவிட வேண்டும். என் கண்ணைவிட அதைத்தான் நான் நம்புவேன். கண் பழகிப்போகும். மஞ்சளடித்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் அதுதான் வெள்ளை என்று சாதிக்கும்.

அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு பழைய எல்சிடி டிவி. கோழிக் கொட்டகையில் இருக்கும் கேமராவின் படம் பகல் முழுக்க அதில் ஓடும். படுத்தபடியே பண்ணையைப் பார்க்கட்டும் என்று அண்ணன் செய்துகொடுத்த ஏற்பாடு. வெள்ளைக் கோழிகள் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டித் தீவனம் கொத்திக்கொண்டிருந்தன. கொண்டையெல்லாம் செங்கல் நிறம்.

"பாத்தியா சாமி? முட்டையுடற கோழிக்குக் கொண்டை இப்படியா இருக்கும்? சீக்குக் கோழியாட்டத் தெரியுது," என்றார். வாய் கோணியிருந்ததால் சொற்கள் வழுக்கி வந்தன.

லேப்டாப்பை இணைத்து, கருவியைத் தொங்கவிட்டு அளந்தேன். திரையின் விளக்கு வயதாகி மஞ்சளடித்திருந்தது. போதாததற்கு, கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்திருந்த அமைப்பை இத்தனை வருடமாக யாரும் மாற்றவே இல்லை. இரண்டையும் திருத்தினேன். கோழியின் இறகு வெள்ளையானது. கொண்டை மட்டும் சிவக்கவில்லை. அப்படியானால் கோளாறு கேமராவில். கூண்டில் ஒரு சாம்பல் நிற அட்டையைக் கட்டிவிட்டு வந்தால், அது திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்து அதையும் திருத்திவிடலாம்.

அட்டையோடு கிளம்பிய என்னை அண்ணன் வாசலில் மறித்தான். "உனக்கெதுக்கு அம்மணி இந்த வெயில்ல? குடு, நான் கட்டிப்போட்டு வாரேன்."

"வெளிச்சம் பாத்துக் கட்டோணும்ண்ணா. உனக்குத் தெரியாது," என்று நடந்தேன். பிடிவாதத்தில் நான் அப்பாவுக்குப் பிறந்தவள்.

கொட்டகை காலியாக இருந்தது. ஒரு கோழி இல்லை. தீவனத் தொட்டியில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"ஒத்தை ஆளா முடியல," என்றான் பின்னாலேயே வந்த அண்ணன். "தீவனம் விக்கற வெலையில ஒண்ணும் கட்டல. மொத்தத்தையும் கறிக்கு ஏத்தி உட்டுட்டேன். அவருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே உசுர உட்டுருவாரு. அதான் பழைய படத்தையே திருப்பித் திருப்பி ஓட்டறேன். சொல்லிப்போடாத அம்மணி."

அவனைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது. கோழிகள் போனதற்காக இல்லை. ஒரு காலத்தில் ஊரையே அதட்டிய மனிதரை இப்படிப் பொம்மை காட்டி ஏமாற்றும்படி ஆகிவிட்டதே என்றுதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். "கேமரா பழசுங்கப்பா. இதுக்கு மேல நெறம் வராதுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "கொட்டாய்க்குப் போனியா?"

"போனனுங்க."

"காலியாக் கெடக்குதா?"

கையிலிருந்த சாம்பல் அட்டையைக் கட்டிலின் ஓரமாக வைத்தேன்.

"ஒரு ஈ, ஒரு நாத்தம் இல்லாத கோழிப்பண்ணை எங்க சாமி இருக்குது? கையி காலுதான் உளுந்துபோச்சு, மூக்குமா உளுந்துபோச்சு? அவங்கிட்டச் சொல்லாத. எனக்காவத்தான் இத்தனை பாடு படறான்."

"அப்புறம் எதுக்குங்கப்பா நெறத்தைச் சரி பண்ணச் சொன்னீங்க?"

"இனிப் பாக்கறதுக்கு இதுதான இருக்குது? இதையாவது ஒழுங்காப் பாத்துட்டுப் போறேன்."

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோழியும் இல்லை. அந்தச் சிவப்பு அவர் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தது. கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ரிமோட்டை எடுத்தேன்.

"இன்னுங் கொஞ்சம்," என்றார். கூட்டினேன். "அவ்வளவு வேண்டாம், அது சேவலுக்கு." குறைத்தேன். "மஞ்சளை எடு. இன்னும். ம், நிறுத்து. இதுதான்."

அளந்திருந்தால், இந்தச் சிவப்பு தப்பு என்றுதான் கருவி சொல்லியிருக்கும். நான் அளக்கவில்லை.

அண்ணன் டீ டம்ளரோடு உள்ளே வந்தான். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "முட்டையெல்லாம் எடுத்தாச்சாடா?"

"எடுத்தாச்சுங்கப்பா."

"ஒடையாம அடுக்கு," என்றார்.