பிலோமினாவின் முழங்கை

மாதா கோயில் வாசலை நெருங்கும்போதே பிலோமினா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொள்கிறார். கதவு பாதி சாத்தியிருந்தால் முழங்கையால் தள்ளுகிறார். நிலைக்குப் பக்கத்தில் தீர்த்தத் தொட்டி. வருகிறவர்கள் எல்லாரும் அதில் விரல் நனைத்து நெற்றியில் சிலுவை வரைந்துகொள்ள, அவர் தொட்டிக்கு ஒரு கும்பிடு மட்டும் போடுகிறார். பிறகு பையிலிருந்து கண் சொட்டு மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறார். குப்பியில் இருப்பதும் தீர்த்தம்தான். பங்குத்தந்தை மந்திரித்து முடித்த கையோடு, வேறு விரல் படுவதற்கு முன்னால் பிடித்துவைத்தது.

உள்ளே ஜன்னலோரம் முதல் பெஞ்சு அவருடையது. பாட்டுப் புத்தகம் வீட்டிலிருந்து வருகிறது, பிளாஸ்டிக் உறை போட்டு. சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் எட்ட நின்றே எல்லாருக்கும் கை கூப்புகிறார். பின்னால் யாராவது இருமினால் திரும்பிப் பார்க்காமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். "அது புகையில இருமலு, ஒண்ணும் பண்ணாது" என்று முகமூடிக்குள் முணுமுணுத்துவிட்டு ஜெபத்தைத் தொடர்வார்.

பூசையில் பங்குத்தந்தை தரும் அப்பமான நற்கருணையை இங்கே நன்மை என்பார்கள். நன்மை வாங்க முதலில் எழுகிறவர் அவர்தான். அவசரம் பக்தியால் என்று நினைத்தவர்கள் உண்டு. கேட்டால் மறைக்க மாட்டார். "நாக்குல வாங்கறவங்க இருக்காங்க. பாதரு வெரலு அங்க படும், அதே வெரலு எனக்கு வரும். முன்னாடியே வாங்கிக்கினா தொந்தரவு இல்ல பாரு."

ஆந்திர எல்லை ஊரான நகரியில் விசைத்தறிக் கூடங்கள் நெருங்கிய ஒரு சந்தில் அவருக்குத் தையல் கடை. சுற்றிலும் தறிகள் ஓடும் சத்தத்தில் அவர் மிஷின் ஓடுவது கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. அளவு ஜாக்கெட் கொண்டுவந்தால் கையில் வாங்க மாட்டார். மர ஸ்கேலின் நுனியில் தூக்கி, வாசல் கம்பியில் வெயிலுக்குப் போட்டுவிடுவார். அது காய்ந்த பிறகுதான் டேப் எடுப்பார். உடம்பில் அளவு எடுக்க வேண்டியிருந்தால், "மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்க கண்ணு" என்பது முதல் வார்த்தை. ஊசிகளை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் இல்லை. அவை ஒரு காந்தத் துண்டில் ஒட்டிக்கிடக்கின்றன. நூலை நாவில் நனைத்துக் கோக்கவும் மாட்டார். நுனியைக் கத்தரியால் சாய்வாக வெட்டி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, ஒரே முறையில் ஊசிக் காதுக்குள் செலுத்திவிடுவார். இத்தனை கெடுபிடிக்கும் அடங்கி கார்வேட்டிநகரத்திலிருந்துகூடப் பெண்கள் பஸ் ஏறி வருகிறார்கள். ஜாக்கெட்டுக்கு அவர் வைக்கும் கை தோளில் உட்காரும் விதம் அப்படி.

கடையில் கொக்கி கட்டும் ஷோபாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "எங்கக்கா மோட்சத்துக்குப் போனாலும் வாசக்கதவ முழங்கையாலதான் தள்ளும். உள்ள இருக்கறவங்கள தோச்சிக் காயவெச்சப்புறம்தான் பேசும்" என்பாள். பிலோமினா சிரிப்பார், சிரிக்கும்போதும் வாயை மறைத்துக்கொண்டு.

அவர் எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. கணவர் சூசைராஜ் லுங்கிக் கட்டுகளைத் திருப்பதிக்கு ஏற்றிப் போகும் ஆட்டோ வைத்திருந்தார். கொரோனாவின் இரண்டாம் அலை தொடங்கிய பெரிய வெள்ளியன்று, சிலுவையில் பாடுபட்ட இயேசுவின் சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். குனிந்து கும்பிட்டால் போதும் என்று பங்குத்தந்தை சொல்லியும் பலருக்கு மனம் கேட்கவில்லை, பாதத்தில் முத்தமிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பிறகு சூசைராஜ் வெள்ளைத் துணியால் துடைத்தார். கடைசியில் தானும் முத்தமிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் திருப்பதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கோயிலில் ஒட்டியதா, சரக்கு இறக்கிய இடத்தில் ஒட்டியதா, யாருக்கும் தெரியாது. பிலோமினா கோயிலைக் குறை சொன்னதில்லை. "சாமி மேல இன்னா தப்பு? சாமிய எச்சி பண்ணது நாம்பதானே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இவ்வளவு பயப்படுகிறவர் வீட்டிலிருந்தே டிவியில் பூசை பார்க்கலாமே என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள். "டிவியில சோறு காட்டுனா நீ துன்னுவியா?" என்று கேட்டார். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. இன்னாசி என்ற தறித் தொழிலாளி, அதிக நேரம் நிற்க முடியாததால் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். டிபி வந்து ஆள் பாதியாகியிருந்தார். கை நடுக்கத்தில் ஒருமுறை நன்மை தரையில் விழுந்துவிட்டதால், அதிலிருந்து நாவில்தான் வாங்குவார். அன்று பிலோமினா எழுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். பின்னால் நின்ற பிலோமினா மெல்லத்தான் சொன்னார். "அண்ணா, நீ கடைசியா வாயேன். எல்லாருக்கும் நல்லது." இன்னாசி தலையை ஆட்டிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். ஊரே அவரைக் கடந்துபோய் வாங்கித் திரும்பியது. அவர் முறை வந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. வாயைப் பொத்தியபடி வெளியே போனார். அடுத்து வந்த ஞாயிறுகளில் அவரைக் காணோம்.

மகளின் யூனிபாரத்துக்கு அளவுச் சட்டை கொடுக்க இன்னாசியின் மனைவி ஜெயம்மா கடைக்கு வந்தார். பிலோமினா வழக்கம்போல் ஸ்கேலை நீட்டினார்.

"தோச்சிதான் கொணாந்தேன்க்கா. வெயில்லயும் போட்டேன். டிபிகாரன் வூட்டுத் துணின்னு பயப்படாத" என்றார் ஜெயம்மா.

ஸ்கேல் அந்தரத்தில் நின்றது. "அண்ணா எப்படிக்கீறாரு?"

"மாத்திர துன்னுக்கினு இருக்காரு. இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. ஆனா கோயிலுக்கு வரமாட்டேன்றாரு. கடைசியா நிக்கச் சொன்னாங்களாம். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு."

"நான்தான் சொன்னேன்."

கொக்கி கட்டிக்கொண்டிருந்த ஷோபா நிமிர்ந்தாள்.

"உன்ன எங்களுக்குத் தெரியாதாக்கா? நீ எல்லாரையுந்தான் தள்ளி நிக்கச் சொல்லுவ" என்றார் ஜெயம்மா. "ஆனா அவரு, சாமியே சொன்னாப்புல எடுத்துக்கினாரு. பாதரு வூட்டுக்கே நன்ம கொண்டாரேன்னாரு. அதுவும் வாணான்னுட்டாரு."

பிலோமினா அந்தச் சட்டையைக் கையில் வாங்கவில்லை. ஸ்கேலில்தான் தூக்கிக் கம்பியில் போட்டார். ஆனால் அன்று மிஷினில் உட்காரவும் இல்லை. சாயங்காலம் ஷோபாவைக் கூட்டிக்கொண்டு இன்னாசி வீட்டுக்குப் போனார். வாசற்படி ஏறாமல், முகமூடியோடு, தெருவிலேயே நின்றுகொண்டார்.

"ஞாயித்துக்கெழம வா அண்ணா. ஒனக்குப் பின்னாடி நான் நிக்கறேன்."

உள்ளே கட்டிலில் இருந்த இன்னாசி சிரித்தார். "ஒனக்கு எதுக்கும்மா? நீ பயந்த மனுசி."

"பயம் என்துதானே. அதுக்கு நீ ஏன் பட்டினி கெடக்கற?"

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கதவை முழங்கையால்தான் தள்ளினார், குப்பித் தீர்த்தத்தைத்தான் தொட்டுக்கொண்டார். பயம் எங்கும் போய்விடவில்லை. இன்னாசி பூசை தொடங்கிய பிறகு வந்து, கதவோரக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நன்மை நேரம் வந்தது. முதல் பெஞ்சு எழவில்லை. பிலோமினா எழாததால் யார் முதலில் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கோயிலே தயங்கியது. பிறகு பாதிப் பேர் போய்த் திரும்பினார்கள். அப்போதுதான் அவர் எழுந்து, பீடத்துக்கு முதுகு காட்டி, நடுவழியாகக் கோயிலின் பின்பக்கம் நடந்தார். கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இன்னாசி பெஞ்சைப் பிடித்து எழுந்தார்.

இன்னாசி முன்னால், பிலோமினா பின்னால் என்று இருவரும் வரிசையில் சேர்ந்தார்கள். முதலில் அவர்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. பிலோமினாவே நிற்கிறார் என்பதைப் பார்த்த பிறகு ஒரு பெண் வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் ஒருவர், அப்புறம் வரிசை நீண்டது. பாடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பிலோமினா முகமூடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்திருந்தார். உதடுகள் வெளுத்துப்போய், மேலுதட்டில் வியர்வை கோத்திருந்தது. பெரிய விரதக்காரர்களையும் யாத்திரைக்காரர்களையும் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறோம். அன்று அந்த முகத்தைப் பார்த்ததுபோல் எதையும் மூச்சடக்கிப் பார்த்ததில்லை.

பீடத்துக்கு அருகில் வந்ததும் இன்னாசிக்குத் தைரியம் விட்டுப்போனது. அவர் ஒதுங்கி, பிலோமினாவை முன்னால் போகும்படி கையைக் காட்டினார். பிலோமினா நகரவில்லை. வலது கையை முந்தானையிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து, அவர் முதுகில் வைத்தார். வைத்து, மெல்ல முன்னால் தள்ளினார். இன்னாசி வாய் திறக்கப் போன நேரத்தில் இருமல் வந்தது. சட்டைக்குள் முதுகு குலுங்கியது. இருமல் அடங்கி, அவர் நாவை நீட்டி வாங்கிக்கொள்ளும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.