எத்தனையாவது நாள்?

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்ததுமே ஜெயக்கொடி திட்ட ஆரம்பித்துவிடுவாள். "ஒழுங்கா நில்லு, எங்க ஓடுறே?" என்று குரோமோசோம்களைத்தான். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, அப்புறம் அதையே ஆய்வுக்கூடம் பூராவும் தேடுவாள். செம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு சைக்கிளில் வருகிறவள். வழியில் எவனாவது உரசினால் இறங்கி நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுபடி மிதிப்பாள்.

ஆராய்ச்சி இதுதான். புகைபிடிக்கிற பெண்கள் இருபது பேர், பிடிக்காதவர்கள் இருபது பேர். அவர்கள் ரத்த அணுக்களை மூன்று நாள் வளர்த்து, கண்ணாடியில் பரப்பி, குரோமோசோம் எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். மாதவிலக்கை ஒட்டி ஹார்மோன் ஏறி இறங்குகிறதே, அதோடு இந்த உடைசலும் கூடிக் குறைகிறதா என்பது கேள்வி. ஆகவே ரத்தம் எடுத்த அன்று விலக்காகி எத்தனையாவது நாள் என்பது முக்கியம். அது பிசகினால் எண்ணியதெல்லாம் வீண். எண்ணுகிறவள் ஜெயக்கொடி. நாளைக் கேட்டு எழுதுகிறவர் உதவியாளர் தோத்தாத்ரி.

போன வாரம் அவர் லீவு. பீர்க்கன்கரணையில் கல் உடைக்கிற கன்னியம்மா இரண்டாம் முறையாக ரத்தம் கொடுக்க வந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து பீடி பிடிக்கிறவள். "உள்ள இன்னா ஆயிகீதுன்னு பாத்து சொல்றேன்னியே அக்கா, எப்ப சொல்லுவே?" என்றாள்.

"சொல்றேன் இரு. இன்னிக்கு எத்தினியாவது நாள்?"

"அந்த சார் கேக்கற மாரி சொல்லவா, நெஜமா சொல்லவா?"

ஜெயக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குளிச்சு எத்தினி நாளாச்சுன்னுதான் அவரு கேப்பாரு. அதுவும் சொவத்த பாத்துகினு."

விலக்கு கழிந்து தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளை முதல் நாளாக வைத்து எழுதியிருக்கிறார் மனிதர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதிலும் படித்தவர் வாயில் மாதவிலக்கு என்ற சொல் வரவில்லை! ஒருத்தி மூன்றாம் நாள் குளிப்பாள், ஒருத்தி ஐந்தாம் நாள். அவர் எழுதிய படிவம் அத்தனையும் பாழ். ஆறு மாதம் கண்ணைக் கொடுத்து எண்ணியவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஆராய்ச்சிக்குத் தலைவர் டாக்டர் கஸ்தூரிரங்கன் அலட்டிக்கொள்ளவில்லை. "எல்லாத்துக்கும் மூணு நாள் கூட்டிப் போட்டுடும்மா. அடுத்த மாசம் கான்ஃபரன்ஸ்."

"அஞ்சாம் நாள் குளிக்கிறவளுக்கும் மூணா சார்? அப்பறம் கன்னியம்மாவுக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்? எல்லாரையும் மறுபடி கேட்டு, மறுபடி ரத்தம் எடுக்கணும்."

"நாப்பது பேர்கிட்ட அதையெல்லாம் எப்படிம்மா போய்க் கேக்கறது?"

"ஊசி குத்தறப்ப வராத வெக்கம், கேக்கறப்ப மட்டும் எங்கேர்ந்து சார் வருது?"

லீவு முடிந்து வந்திருந்த தோத்தாத்ரி அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகைபிடிக்காத இருபது பேரில் ஜெயக்கொடியும் ஒருத்தி; அவளிடம் மட்டும் கேட்கக் கூசி, படிவத்தை அவள் கையிலேயே கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தார் தோத்தாத்ரி. புதுப் படிவம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, மூடியைக் கழற்றி, அவர் கையில் திணித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்கிட்டேர்ந்தே ஆரம்பிங்க சார். கேளுங்க."

ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, கையை மேஜைமேல் நீட்டினாள்.