அரை டம்ளர் குதிரைவாலி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பானையைக் கழுவப் போன இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. ஒன்றரை டம்ளர் குதிரைவாலி பொங்கியிருந்தேன். ஒரே வேளையில் ஒற்றை ஆளாகத் தின்று முடித்திருக்கிறேன்.

இந்த இருபத்தெட்டு வயதில் எனக்குச் சர்க்கரை இருக்கிறதென்று தெரிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. சோற்றைக் குறை, எடையைக் குறை, மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் இன்னொரு மாத்திரை சேரும் என்றார் டாக்டர். அன்றே நாலு வீடியோ பார்த்தேன். மறுநாள் வீட்டிலிருந்த அரிசியைப் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுத்துவிட்டு, ரெட்டியபட்டிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பத்துக் கிலோ குதிரைவாலி வாங்கி வந்தேன். எதையும் ஆற அமரச் செய்ய எனக்கு வராது.

"அரிசிக்குத்தான் பயப்படணும் மருமகனே. குதிரைவாலி எம்புட்டுத் தின்னாலும் ஒண்ணும் செய்யாது. ஒங்க மாமாவப் பாரு, கல்லு மாதிரி இருக்காக!" என்றார், மூட்டையைப் பார்த்த அதே அத்தை.

மாமா விடிந்ததும் பருத்திக்காட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். நானோ அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவன். அது அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

சென்டரில் நாங்கள் மூன்று பேர் ஒன்றாகச் சாப்பிடுவோம். என் டப்பாவைத் திறந்ததும் ஒருவன், "ஏலே, கோழிக்குஞ்சுக்கு வச்சதத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்பான்.

"சும்மா இருலே. நம்ம சோத்தப் பாத்தாலே அவுகளுக்குச் சுகர் ஏறிரும்" என்பான் மற்றவன்.

சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். நான் அரிசியைப் பற்றிப் பாடம் எடுத்தேன். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் எனக்கு முன்பே சாப்பிட்டு எழுந்துவிட ஆரம்பித்தார்கள். நானும் ரோஷத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன்.

வீட்டில் யாரும் கிடையாது. அக்காவின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போன அம்மா இன்னும் திரும்பவில்லை. செம்பில் சாய்த்துவைத்த போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். போதும் என்று சொல்ல ஆளில்லை. எனக்குக் கொஞ்சம் வை என்று கேட்கவும் ஆளில்லை. பானை காலியானால் சாப்பாடு முடியும்.

இன்று ஞாயிறு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன். இருநூற்று நாற்பது. எடையும் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அரிசி பொங்கிய காலத்தில் வேளைக்கு முக்கால் டம்ளர்தான் போடுவேன். குதிரைவாலியிலும் மாவுச்சத்து இருக்கிறது என்பதை அந்த நாலு வீடியோவிலேயே கேட்டிருந்தேன். கேட்டுவிட்டு இரண்டு மடங்கு தின்றிருக்கிறேன்.

டாக்டரைப் பார்க்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. நாளைக்கு அரை டம்ளர் அளந்து தனியாக எடுத்து வைத்துவிட்டேன். சீனியவரைக்காய் ஒரு கிண்ணம், இரண்டு முட்டை. டப்பாவோடு சென்டருக்கே போய், ஒரு மணிக்கு அவர்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். கோழிக்குஞ்சு என்றால், கீச் கீச் என்று ஒரு தடவை கத்திவிட்டுச் சாப்பிட்டுப் பார்க்கிறேன்.