வலப்பக்கத் துளை

ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் நான் மாடியில் கணினியில் வரைகிறேன். அம்மா கீழே பிரஸ் மெஷினில் தகடுகளுக்குத் துளையிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் படித்து டிப்ளோமா வாங்கிய முதல் ஆள் நான்தான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த அம்மாவுக்கு, தோட்டத்தை மூடிய பிறகு கிடைத்த பெருமை அந்த மெஷின். எழுத்து தெரியாது, எண்களைப் பார்த்தே அளவு வைப்பார்.

அகலத்தை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும்படி, இரண்டு பக்கமும் துளையுள்ள ஒரு தகட்டை வரைந்தேன். அதற்காக ஒவ்வொரு துளைக்கும் கட்டுப்பாடு வைப்போம்: எந்த விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று. வலப்பக்கத் துளையை வலது விளிம்போடு கட்டியிருக்க வேண்டும். நான் இரண்டு துளைகளையுமே இடது விளிம்பிலிருந்து அளந்துவிட்டேன். முதல் அளவில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பிறகு குறுகலான தகடு கேட்டார்கள். ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். தகடு சுருங்கியது, வலப்பக்கத் துளை நகராமல் ஓரத்தை ஒட்டி நின்றது. திரும்பப் பார்க்காமல் அச்சிட்டு அனுப்பினேன்.

முதல் பீஸை மாடிக்குக் கொண்டுவந்து வரைபவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே மற்றதை அடிக்க வேண்டும். அம்மா தவறாமல் வருவார். அன்று வரவில்லை. மதியம் கீழே சத்தம் கேட்டு இறங்கினேன். ஓரம் கிழிந்த தகடுகள் கூடை நிறையக் கிடந்தன.

"முதல் பீஸ ஏன் மேல காட்டல அக்கா?" என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓரத்துக்கு கிட்ட வருதேன்னு பார்த்தேன் தம்பி. ஆனா வரைஞ்சது என் மக. நானே சந்தேகப்பட்டு போயி நின்னா மத்தவங்க என்னா நெனப்பாங்க?"

"மக வரைஞ்சா சாலா வராதா, தப்பே இருக்காதா? நல்ல ஆளுலா நீங்க!"

யாரோ சிரித்தார்கள்.

"தப்பு என்னோடதுண்ணே," என்றேன்.

"நீ வரைபடத்த திருத்து. காட்டாதது அவங்க தப்பு."

திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாவை மறுநாளே பேக்கிங்குக்கு மாற்றினார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாற்றிய அன்று மாலை பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று அதைப் பற்றி விசாரித்தார்.

"கால் வலி தாங்கலலா. நானாத்தான் கேட்டு மாறிக்கிட்டேன்," என்றார் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "ஆமாக்கா, ரொம்ப நாளா வலி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.